கூரையும் விகிதமும்: கரிசல் சீமையில் ‘சமுதாய வளர்ச்சி’

‘நிதி வெட்டு’ என்ற சொல்லை அரசாணைகளில் தேடினால் கிடைக்காது. அங்கே புழங்குவன வேறு சொற்கள்: மறுசீரமைப்பு, ஒருங்கிணைப்பு, பங்கீட்டு விகிதம், அலகுத் தொகை, தகுதிப் பட்டியல். திருச்சுழி யூனியன் ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கிற பெண்ணுக்கு இவை அத்தனையும் ஒரே வாக்கியமாகத்தான் வந்து சேரும்: “இந்த வருஷம் ஃபண்டு வரலை தாயி, அடுத்த லிஸ்ட்ல பார்ப்போம்.” அரசாணையின் மொழி இந்த வாக்கியமாக மாறுவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றை அருப்புக்கோட்டை, திருச்சுழி வானம் பார்த்த பூமியிலிருந்து வாசித்துப் பார்க்கலாம்.

தொடக்கத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. சென்னை மாகாணத்தில் 1946இல் ஃபிர்கா வளர்ச்சித் திட்டம் வந்தது. 1952 அக்டோபர் 2ஆம் தேதி, காந்தி பிறந்த நாளில், நாடு முழுக்க 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. 1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு ஊராட்சி ஒன்றியங்கள் உருவாயின. ஜனங்கள் வாயில் ‘யூனியன் ஆபீஸ்’, ‘பி.டி.ஓ.’ என்ற சொற்கள் ஏறின. இத்திட்டத்தின் நிதி அமைப்பைக் கவனிக்க வேண்டும். 1958க்குப் பிந்தைய முறைப்படி ஒரு வட்டாரத்துக்கு முதல் ஐந்தாண்டில் 12 லட்சம் ரூபாய், அடுத்த ஐந்தாண்டில் 5 லட்சம். பத்து வருஷம் தூக்கிவிட்டால் கிராமம் பிறகு தானே நடந்து கொள்ளும் என்பது இதன் பின்னுள்ள கதையாடல். ஆக, குறைப்பு என்பது பிற்பாடு யாரோ செய்த துரோகம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. திட்டத்தின் இலக்கணத்திலேயே அது எழுதப்பட்டிருந்தது. 1966இல் சமுதாய வளர்ச்சிக்கான தனி அமைச்சகம் உணவு வேளாண்மை அமைச்சகத்தோடு இணைக்கப்பட்டது. நான்காம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிய 1969இல் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது.

‘தானே நடந்து கொள்ளும்’ என்று எதிர்பார்க்கப்பட்ட கிராமம் எப்படிப்பட்டது? இந்தப் பக்கத்து ஊர்கள் பல இராமநாதபுரம் ஜமீனுக்குள் கிடந்தவை. 1803இல் நிரந்தர ஜமீனாக ஆக்கப்பட்டு, 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே அரசின் கைக்கு வந்தவை. குண்டாற்றில் தண்ணீர் வருவது மழையைப் பொறுத்தது. கண்மாய் பெருகினால் நெல், இல்லாவிட்டால் கம்பு, குதிரைவாலி, மல்லி, மிளகாய், பருத்தி. அதுவும் பொய்த்தால் சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டும், அல்லது ஊரை விட்டுப் போக வேண்டும். நிலம் வைத்திருப்பவனுக்கே இதுதான் கதி என்றால், நிலமில்லாத சேரிக்காரன் பத்து வருஷத்தில் எதை ஊன்றி எழுந்து நிற்பான்? மேலிருந்து எழுதப்பட்ட ‘சமுதாயம்’ என்ற ஒற்றைச் சொல் இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டது.

வீடு இந்தக் கதைக்குள் வந்தது நெருப்பின் வழியாக. 1957இல் தென்கிழக்கே முதுகுளத்தூர், பரமக்குடி வட்டாரங்களில் நடந்த சாதிக் கலவரத்தில் ஒடுக்கப்பட்டோரின் குடிசைகள் கொத்துக் கொத்தாக எரிந்தன. 1968 டிசம்பர் 25இல் தஞ்சை மாவட்டம் கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். ஓலைக் கூரை என்பது ஏழ்மையின் அடையாளம் என்பதோடு நிற்பதில்லை. மேல்சாதிக்காரன் கைத் தீக்குச்சிக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது என்றும் அதற்கு அர்த்தம் உண்டு. குடியிருப்பு மனையும் மிராசுதாருடையது என்றால், எதிர்த்துப் பேசிய அன்றே “காலி பண்ணு” என்று சொல்லிவிடலாம். 1971இல் குடியிருப்போருக்கு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. 1974இல் தாட்கோ தொடங்கப்பட்டது. அதன் முழுப் பெயரில் ‘மேம்பாடு’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘வீட்டுவசதி’ என்ற சொல் வருகிறது. அந்த வரிசையைத் தற்செயல் என்று நான் வாசிக்கவில்லை. காங்கிரீட் கூரை எரியாது. பட்டா இருந்தால் விரட்ட முடியாது. வீட்டு நிதி என்பதைச் சாதி அதிகாரத்தின் பிடியிலிருந்து கொஞ்சம் விலகி நிற்பதற்கான இடமாகவே பார்க்க வேண்டும்.

1985-86இல் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தது. முதலில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டோர் ஆகியோருக்கு. 1993-94 முதல் மற்ற ஏழைகளுக்கும். ஊர்ப்புறத்தில் இதன் பெயர் ‘தொகுப்பு வீடு’. மத்திய அரசும் மாநில அரசும் செலவைப் பங்கிட்ட விகிதம் ஜவகர் வேலைவாய்ப்புத் திட்டக் காலத்தில் 80க்கு 20. 1999இல் 75க்கு 25. 2015-16இல் 60க்கு 40. மூன்று எண்கள்தாம். எந்த நாளிலும் யாரும் ‘வீட்டுத் திட்டத்தை வெட்டுகிறோம்’ என்று அறிவிக்கவில்லை.

விகிதத்துக்கு அடுத்தது அலகுத் தொகை. 2016இல் பெயர் மாறி ‘பிரதமர் வீட்டுவசதித் திட்டம்’ ஆனபோது சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதில் மத்திய அரசின் பங்கு 72,000. 2024இல் மேலும் 2 கோடி வீடுகளுக்குத் திட்டம் நீட்டிக்கப்பட்டது. தொகை அதே 1.20 லட்சம். இடைப்பட்ட எட்டு வருஷத்தில் சிமெண்டும் கம்பியும் கொத்தனார் கூலியும் அப்படியே நின்றனவா? 2024இல் தமிழக அரசு தொடங்கிய ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம். ஒரு வீடு கட்ட என்ன ஆகும் என்பதற்கு ஓர் அரசே கொடுத்த வாக்குமூலம் இது. விலை ஏற ஏற, ஏறாத தொகை தானே சுருங்குகிறது. இது ஓசையில்லாத வெட்டு.

இன்னொன்றும் உண்டு. அரசின் அட்டவணையில் நிலம் இரண்டே வகை: சமவெளி, மலையும் கடினப் பகுதியும். கரிசல் ‘சமவெளி’க்குள் அடக்கம். ஆனால் கரிசல் மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாகப் பிளக்கும். மேலோட்டமாக அஸ்திவாரம் போட்டால் இரண்டு மழைக்குள் சுவரில் விரிசல் ஓடும். கெட்டித் தரை தட்டும் வரை தோண்டி, பெல்ட் காங்கிரீட் போட்டால்தான் நிற்கும் என்பது இங்குள்ள எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். கட்டுவதற்கு நல்ல தண்ணீரையும் டிராக்டரில் கொண்டுவர வேண்டும். பணமோ பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப் என்று கட்டம் கட்டமாக, வேலை முடிந்த பிறகே ஏறும். நடுவில் துண்டு விழுவதை வட்டிக்கு வாங்கித்தான் அடைக்க வேண்டும். லிண்டல் மட்டத்தோடு நின்று போன வீடுகளைப் பார்த்து ‘பயனாளியின் அலட்சியம்’ என்று குறிப்பு எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை எழுதுவதில்லை.

குற்றத்தைத் தில்லியின் தலையில் மட்டும் கட்டிவிடுவதும் நேர்மையாகாது. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீட்டில் 40 ஆதிதிராவிடருக்கு என்று சாதிகளைக் கலந்து குடிவைக்கிற முயற்சி. ஆட்சி மாறியதும் அது கிடப்பில் போடப்பட்டது. 2010இல் 21 லட்சம் குடிசைகளை ஆறு ஆண்டுகளில் காங்கிரீட் வீடுகளாக்கும் திட்டம் வந்தது. 2011இல் ஆட்சி மாறியது. அதன் இடத்தில் ஆண்டுக்கு 60,000 பசுமை வீடுகள் என்ற திட்டம். ஒரு வீட்டுக்கான தொகை கூடியது, வீடுகளின் எண்ணிக்கை சுருங்கியது. பழைய பட்டியலில் பேர் ஏறிக் காத்திருந்தவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லாமல் போனார்கள்.

கூரைக்கும் கூலிக்கும் உள்ள உறவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் சமவெளியில் கட்டுகிறவருக்கு 90 நாள் கூலி ‘நூறு நாள் வேலை’ கணக்கிலிருந்து வர வேண்டும் என்பது விதி. அந்த வேலைக்கான மத்திய நிதி 2022-23 திருத்திய மதிப்பீட்டில் 89,400 கோடி. அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் 60,000 கோடி. வேலைத் திட்டத்தில் வெட்டினால் வீட்டிலும் ரத்தம் கசியும். 2005 சட்டத்தில் உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய அரசின் பொறுப்பு. 2025 டிசம்பரில் அதற்கு மாற்றாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நாட்களை 125 என்று உயர்த்திச் சொன்னது. கூடவே பெரும்பாலான மாநிலங்களுக்கு 60க்கு 40 என்ற விகிதத்தையும் கொண்டுவந்தது. நாளைக் கூட்டி விகிதத்தைக் குறைக்கும் இந்தக் கணக்கு நமக்குப் பழக்கமானதுதான்.

‘நூறு நாள் வேலையால ஜனங்க சோம்பேறியாயிட்டாங்க, களையெடுக்க ஆள் வர மாட்டேங்குது’ என்ற புலம்பலை இங்கே டீக்கடைதோறும் கேட்கலாம். சிறு சம்சாரியின் கஷ்டம் பொய்யல்ல. ஆனால் ஒரு சேரிப் பெண் கண்மாய்க் கரையில் அரசுக் கூலிக்கு நிற்கும்போது, “அவ்வளவு கூலிக்கு வர முடியாதுங்க” என்று சொல்லக் கூடியவள் ஆகிறாள். அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் பலருக்குக் கோபம். திட்டத்தில் ஊழல் இல்லையா என்றால், உண்டு. அதற்கு மருந்து கிராம சபையும் சமூகத் தணிக்கையும். நிதியை நிறுத்தினால் திருடியவனுக்கு நஷ்டமில்லை.

பல திட்டங்களை ஒன்றாகக் கட்டிப் பிறகு சுருக்கும் உத்தி நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. 1973 ஜனவரியில் அமெரிக்காவில் நிக்சன் அரசு மானிய வீட்டுத் திட்டங்களை நிறுத்தி வைத்தது. 1974 சட்டம் பல தனித்தனி உதவிகளை ஒன்றாக்கி ‘சமுதாய வளர்ச்சித் தொகுப்பு மானியம்’ என்று பெயரிட்டது. 2017இல் டிரம்ப் அரசு அந்த மானியத்தையே அறவே நீக்கும்படி பட்ஜெட்டில் முன்மொழிந்தது. நகரங்களும் மாகாணங்களும் எதிர்த்தன, நாடாளுமன்றம் ஏற்கவில்லை. ஒன்றாகக் கட்டியதை ஒரே வரியில் அடித்துவிடலாம் என்பது ஒரு பாடம். எதிர்த்தால் நிற்கும் என்பது இன்னொன்று.

ஃபூக்கோ 1978 சொற்பொழிவுகளில் ‘அரசாண்மை’ என்று பேசியது இந்தப் பட்டியல்களுக்கும் பொருந்தும். மக்களைக் கணக்கெடுத்து, வகைபிரித்து, வரிசையில் நிறுத்தி ஆள்வது. 2018இல் மத்திய அரசு ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று அறிவித்தவற்றில் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு: விருதுநகரும் இராமநாதபுரமும். காமராசர் பிறந்த மாவட்டம், 1977இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானபோது ஜெயித்திருந்த அருப்புக்கோட்டைத் தொகுதி உள்ள மாவட்டம். இருக்கிற திட்டங்களை ஒருங்கிணைப்பதும், மாவட்டங்களைப் போட்டிக்கு விட்டுத் தரவரிசை போடுவதுமே அந்த ஏற்பாட்டின் முறை. விழைவது மாவட்டத்தின் வேலை, மதிப்பெண் போடுவது அரசின் வேலை என்றாகிவிட்டது.

‘பயனாளி’ என்ற சொல்லை முதலில் கைவிட வேண்டும். பயனாளிக்குக் கொடுப்பதைக் குறைத்துக் கொள்ளலாம். உரிமை உள்ளவளுக்குக் குறைத்தால் அரசு பதில் சொல்லியாக வேண்டும். அலகுத் தொகை ஆண்டுதோறும் கட்டுமான விலையோடு ஏற வேண்டும். கரிசலுக்கு அஸ்திவாரத்துக்கென்று தனித் தொகை வேண்டும். மாநிலங்களின் ஒப்புதல் இல்லாமல் விகிதத்தை மாற்றக்கூடாது. ஆட்சி மாறினாலும் பட்டியல் மாறக்கூடாது. அது கிராம சபையில் உரக்க வாசிக்கப்பட வேண்டும். இவற்றில் புரட்சி ஏதுமில்லை. “அடுத்த லிஸ்ட்ல பார்ப்போம்” என்று சொல்கிறவரிடம், “எந்த லிஸ்ட்டு, யார் குறைச்சாங்க, எவ்வளவு குறைச்சாங்க?” என்று கேட்பதற்கான சொற்கள் மட்டுமே இவை.