கவுண்டர், கோவெண்டர் ஆன கதை

சில மாதங்களுக்கு முன்னால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்திலிருந்து ஒரு அம்மா எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். "எங்கள் குடும்பப் பெயர் கோவெண்டர். இதை வைத்து எங்கள் பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டிருந்தார். நான் அதிகம் யோசிக்கவே இல்லை. கோவெண்டர்னா கவுண்டர், கவுண்டர்னா கொங்கு நாடு. கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் தேடுங்கள் என்று பதில் போட்டுவிட்டேன்.

பாதி சரி, பாதி தப்பு.

கோவெண்டர் என்பது கவுண்டர்தான், அதில் சந்தேகமில்லை. அதே மாதிரி முதலியார் அங்கே மூட்லி ஆனார், நாயுடு நைடூ ஆனார், படையாச்சி படயாச்சீ ஆனார். வெள்ளைக்கார எழுத்தர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள், அந்த எழுத்தை அடுத்த தலைமுறை அப்படியே வாசித்தது.

இவர்களுடைய முன்னோர் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் போனார்கள். சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழர்களும் தெலுங்கர்களும்தான்.

கப்பல் பட்டியல்களைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். அதில் குடும்பப் பெயருக்கென்று தனி இடம் கிடையாது. ஆளின் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு இவ்வளவுதான். குடும்பப் பெயர் பிற்பாடு அரசுப் பதிவுகளில் ஒட்டிக்கொண்டது. சிலருக்குச் சாதிப் பட்டம், சிலருக்கு அப்பாவின் பெயர். மூன்சாமி, பெருமாள் என்றெல்லாம் அங்கே குடும்பப் பெயர்கள் இருப்பது இதனால்தான்.

அந்த அம்மா கொள்ளுத்தாத்தாவின் பதிவைத் தேடி எடுத்து எனக்கு அனுப்பினார். ஜில்லா: வட ஆற்காடு. சாதி: வன்னியர். கொங்கும் இல்லை, கோயம்புத்தூரும் இல்லை! நான் மறந்துபோனது இதுதான்: கவுண்டர் என்பது ஒரே சாதியின் பெயர் அல்ல, பட்டம். கொங்கு வேளாளருக்கும் உண்டு, வட மாவட்ட வன்னியருக்கும் உண்டு, குறும்பருக்கும் உண்டு. முதலியாரும் அப்படியே. செங்குந்தர், அகமுடையார், தொண்டைமண்டல வேளாளர் எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள்.

இங்கே 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. இன்றைக்கு நம்மில் பெரும்பாலோர் வெறும் இனிஷியலோடு நிற்கிறோம். பட்டத்தை விட்டோம், சாதியை விட்டோமா என்பது வேறு கேள்வி. அங்கே தலைகீழாக நடந்தது. ஒரே கப்பலில் வந்து, ஒரே லைன் வீட்டில் குடியிருந்தவர்கள் அவர்கள். 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது போக வேண்டும் என்பதுதான் விதி. அந்த நிலைமையில் சாதி பார்த்துக் கல்யாணம் செய்ய எத்தனை பேருக்கு முடிந்திருக்கும்? பட்டம் நிலைத்தது, அதன் பொருள் தேய்ந்தது. இங்கே ஆண்களின் பெயரோடு வந்த பட்டம் அங்கே பெண்களுக்கும் குடும்பப் பெயர் ஆனது. ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்த டர்பன்காரர் நவநீதம் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள்.

2022 கணக்கெடுப்பின்படி தென்னாப்பிரிக்காவில் இந்திய, ஆசிய வம்சாவளியினர் சுமார் 17 லட்சம் பேர், மக்கள்தொகையில் 2.7 சதவீதம். அவர்களிடையே மிகப் பரவலான பெயர்களில் நைடூ, பிள்ளை, கோவெண்டர் மூன்றும் உண்டு. ஆகவே பூர்வீகம் தேடுகிறவர்கள் பெயரை நம்பாதீர்கள், ஜில்லா, தாலுகா, கிராமம் பாருங்கள்.

"அப்படியானால் எங்கள் பெயரே தவறா?" என்று அந்த அம்மா கேட்டார். தவறில்லை அம்மா, அவசரப்பட்டுப் படித்தது நான்தான் என்று எழுதினேன். பட்டியலில் கிராமத்தின் பெயர் ரொம்பவே சிதைந்திருக்கிறது. அந்த உச்சரிப்புக்குப் பக்கத்தில் வரும் மூன்று ஊர்களைக் குறித்து அனுப்பியிருக்கிறேன். இந்த முறை 'இதுதான்' என்று சொல்லவில்லை.