ஆவாரம்பட்டையும் பட்டாளத்து பூட்ஸும்

ஆவாரம்பூ டீ குடிச்சிருப்பீங்க. அதே செடியோட பட்டைதான் ஒரு காலத்துல சென்னை மாகாணத்தின் தோல் தொழிலையே தாங்கி நின்றது.

உரிச்ச பச்சைத் தோல் சீக்கிரமே அழுகிடும். அதனால முதல்ல சுண்ணாம்புத் தண்ணியில் ஊறவைத்து முடியை உதிர்ப்பாங்க. ஒட்டியிருக்கும் சதையைக் கத்தியால் வழிப்பாங்க. அப்புறம் பட்டை ஊறின தண்ணியில் வாரக்கணக்கில் கிடக்கணும். பட்டையில் இருக்கும் டானின் தோலின் புரதத்தோடு பிணைஞ்சதும் அழுகல் நின்னுடும். ஆனா ஒரு பக் இருக்கு: ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெயில் பட்டா சிவந்துடும். அதுக்குத்தான் கடைசியில் கடுக்காய்த் தண்ணி. என்னைக் கேட்டா, ரொம்ப அழகான பேட்ச்!

இப்படிப் பதனிட்டு, மெருகேற்றாத தோல் லண்டனுக்குக் கப்பலேறியது. 1914-18 போரில் பிரிட்டிஷ் பட்டாளத்து பூட்ஸின் மேல்பகுதிக்கும் இது போனது. சந்தையில் பேர் 'ஈஸ்ட் இந்தியா கிப்'. பேர்ல ஊர் இருக்கு, ஆள் இல்லை.

செத்த மாட்டை உரிச்சு, சுண்ணாம்பில் கை வெந்து உழைச்சவங்க பெரும்பாலும் தலித் மக்கள். தொட்டியோட நாத்தத்தைக் காரணம் காட்டி அவங்களை ஒதுக்கினாங்கன்னு சொல்றதை நான் நம்பல. பதனிட்ட தோல் நாறாது. கமலை ஏற்றத்தில் தோல் கிணத்துக்குள்ளேயே இறங்கி வயலுக்குத் தண்ணி இறைச்சது, யாருக்கும் தீட்டாப் படல. அதைப் பதனிட்டவர் மட்டும் ஊர்ப் பொதுக் கிணத்தைத் தொடக் கூடாது. பல ஊர்களில், தன் கையால் தைச்ச செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கிட்டுத்தான் அவர் மேல்சாதித் தெருவைக் கடக்க வேண்டியிருந்தது.