தாளிலிருந்து கணினிக்கு வந்த கழிவுக் கணக்கு

தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட ஒரு பீப்பாய் நச்சுக் கழிவு எங்கே போய்ச் சேர்ந்தது? இக்கேள்விக்கு விடை தேடியே மலேசியாவில் 1989-இல் அட்டவணைக் கழிவு விதிமுறைகள் வந்தன. 2005-இல் வந்த புதிய விதிமுறைகள் கழிவுகளை 77 வகைகளாகப் பிரித்தன. கேமரன் மலையின் கோலா தெர்லா போன்ற ஊர்களின் காய்கறித் தோட்டங்களில் மிஞ்சும், பூச்சிமருந்து படிந்த காலிக் கலன்களும் அவற்றுள் அடங்குபவையே.

தொடக்கத்தில் எல்லாம் தாள்தான். கழிவை உண்டாக்கியவர், லாரியில் ஏற்றியவர், பெற்றுக்கொண்டவர் என மூவரும் ஒரே அனுப்புச் சீட்டை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தோடு படி திரும்பி வந்தால்தான் அனுப்பியவருக்கு நிம்மதி. லாரி வழிமாறிப் போயிருந்தால் அது தெரியவரப் பல நாளாகும்.

பின்னர் சுற்றுச்சூழல் துறை 'இ-சுவிஸ்' என்னும் இணைய முறையைக் கொண்டு வந்தது. சீட்டு கணினிக்குள் போனது. அதிகாரிகளின் பார்வையும் விரைவானது.

ஆனால் நடந்தது என்ன? 2019 மார்ச் மாதம் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு சட்டவிரோதமாகக் கொட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர், 111 பள்ளிகள் மூடப்பட்டன. இணையப் பதிவு நடைமுறையில் இருந்த காலம் அது. பதிவில் ஏற்றப்படாத கழிவை எந்தக் கணினி காட்டும்?

தாளோ கணினியோ, முதல் வரியை எழுதுபவர் மனிதர். அவர் மறைத்தால், அதன் விலையை ஆற்றோரம் வாழும் பிள்ளைகள் கொடுக்க நேரிடும்.