எழுதும் கையும் ஓதும் நாவும்

இறைவாக்கில் பிழையில்லை, அதனைப் படியெடுக்கும் கையில் பிழையுண்டு. இவ்விரண்டையும் நம் முன்னோர் தெளிவாகப் பிரித்தறிந்திருந்தனர்.

உஸ்மான் (ரலி) அவர்களின் ஆணைப்படி ஸைத் இப்னு ஸாபித் (ரலி) குழுவினர் எழுதிய முஸ்ஹஃபுகளில் இன்றுள்ள புள்ளிகளோ உயிர்க்குறிகளோ இல்லை. ஓதக் கேட்டுப் பயின்றவர்க்கே அவ்வெழுத்து துணை நின்றது. அரபியரல்லாதார் இஸ்லாத்தில் பெருகி ஓதுதலில் பிழைகள் தோன்றவே, ஹிஜ்ரி 69இல் மறைந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ அவர்கள் உயிரொலிகளுக்குப் புள்ளியிட்டார்கள் என்பது வரலாற்று மரபு.

1537-38இல் வெனிஸ் நகரில் பகானினி அச்சகத்தார் முழுக் குர்ஆனை அச்சிட்டனர். ஒரு புள்ளியால் மட்டுமே வேறுபடும் தால், ஃதால் எழுத்துகள்கூட அதில் குழம்பிக் கிடக்கின்றன. ஹாஃபிழ் ஒருவர் ஓதிச் சரிபார்த்திருப்பின் அப்பிழைகள் நின்றிரா.

புள்ளியின் அருமை தமிழக முஸ்லிம்களுக்குப் புதிதன்று. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு அரபி எழுத்துகளிலேயே புள்ளி கூட்டி அரபுத்தமிழ் கண்டவர்கள் அவர்கள்.

ரமளான் இரவில், சாமல்பட்டி போன்ற சிற்றூரிலும், தராவீஹ் தொழுவிக்கும் ஹாஃபிழ் தடுமாறினால் பின்நிற்பவர் ‘லுக்மா’ கொடுக்கிறார். இமாமுக்கு அதில் இழிவில்லை. மனிதன் தவறுவான் என ஏற்ற சமுதாயம் திருத்தத்தையும் வணக்கத்தின் உள்ளேயே வைத்தது.

இன்று கைப்பேசித் திரையில் ஓதுவோர் பெருகியுள்ளனர். திரையெழுத்தும் மனிதர் கோத்ததே. உஸ்தாத் முன் அமர்ந்து ஓதிக்காட்டும் வழக்கம் குன்றினால், பிழையைப் பிடிக்கும் செவிகளும் குன்றும். அச்செவிகளைக் காப்பது நம் மதரஸாக்களின் கடமையாகும்.