தரிசுன்னு ஒதுக்கின அலைகள்

ராத்திரி தண்ணி கட்டப் போகும்போது பழைய ரேடியோவைக் கையோட எடுத்துட்டுப் போறது என் பழக்கம். பகலில் வெறும் இரைச்சல் வர்ற இடத்தில், பொழுது சாஞ்சதும் எங்கெங்கோ உள்ள நிலையங்கள் பேச ஆரம்பிக்கும். ரேடியோ அதேதான். அப்போ மாறினது எது? வானம்தான். இதை உலகம் புரிஞ்சுக்கிட்ட கதையில் ஒரு கூடாரமும் ஒரு ஆட்டுப்பண்ணையும் வருது.

அமெரிக்காவில் 1912-ல் ரேடியோ சட்டம் வந்தது. நீளமான அலைதான் தூரம் போகும்னு அன்னைக்கு நம்பினாங்க. அதனால் அந்த நஞ்சையெல்லாம் கப்பலுக்கும் ராணுவத்துக்கும் கம்பெனிகளுக்கும் போச்சு. 200 மீட்டரும் அதுக்குக் கீழேயும் எதுக்கும் ஆகாதுன்னு பொழுதுபோக்கு ரேடியோக்காரங்களுக்குத் தள்ளிவிட்டாங்க. பாகம் பிரிக்கும்போது இளைச்சவனுக்குக் களர் நிலம் வருமே, அந்த மாதிரி.

அவங்க சும்மா இருக்கலை. 1921 கடைசியில் அமெரிக்க ரேடியோ ரிலே லீக் என்கிற அவங்க சங்கம், பால் காட்லி என்பவரை ரிசீவரோட பிரிட்டனுக்குக் கப்பலேத்தியது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஆர்ட்ராசன் பக்கம் ஒரு வயலில் கூடாரம் போட்டார். கம்பம் நட்டு, சுமார் 1,300 அடிக்குக் கம்பி இழுத்தார். டிசம்பர் குளிர், மழை, கடல் காத்து. காதில் ஹெட்போனோட ராத்திரி ராத்திரியா உக்காந்திருந்தார். சுமார் 5,000 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், கனெக்டிகட்டில் நண்பர்கள் சேர்ந்து கட்டின நிலையத்தின் மோர்ஸ் தெளிவாக் கேட்டது!

200 மீட்டரை ஒட்டின அலைக்கே இவ்வளவுன்னா, இன்னும் கீழே இறங்கினா? இறங்கினாங்க. 1923 நவம்பரில் சுமார் 100 மீட்டரில் அமெரிக்காவும் பிரான்சும் பேசிக்கிச்சு. 1924 அக்டோபர் 18-ல் நியூசிலாந்தின் ஷாக் பள்ளத்தாக்குப் பண்ணையிலிருந்து ஃபிராங்க் பெல் அனுப்பின மோர்ஸுக்கு, லண்டனில் மில் ஹில் பள்ளி மாணவர் செசில் கொய்டர் பதில் கொடுத்தார். உலகத்தின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும்! பின்னாடி ஃபிராங்க் பண்ணை வேலையில் மூழ்கிட, அவர் அக்கா பிரெண்டா அந்த நிலையத்தை எடுத்து நடத்தினார்.

காரணம் இதுதான். சூரிய ஒளி மேல்காத்தில் மின்னேறிய அடுக்குகளை உண்டாக்குது. 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள கீழடுக்கு, பகலில் அலையை விழுங்கிடும். பொழுது சாஞ்சா அது கலைஞ்சுடும். சுமார் 300 கிலோமீட்டர் உயரத்து மேலடுக்கு மட்டும் ராத்திரியிலும் நிக்கும். சிற்றலை அதில் பட்டு, தரைக்கு வந்து, மறுபடி மேலே போய்த் தாவித் தாவிப் போகும். அப்படி ஒரு அடுக்கு நிஜமாவே இருக்குன்னு 1924 டிசம்பரில் சோதனை செஞ்சு காட்டின ஆப்பிள்டனுக்கு 1947-ல் நோபல் பரிசு கிடைச்சது.

இன்னைக்கும் மலை மேல பேட்டரியும் கம்பியும் தூக்கிட்டுப் போற ஹாம் ரேடியோக்காரங்க இந்தக் கணக்கைத்தான் பார்க்கிறாங்க. பகலில் 14, 21 மெகாஹெர்ட்ஸ், ராத்திரியில் 7, 3.5. சூரியப் புள்ளிகள் சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும். கூடின காலத்தில் சின்ன சக்தியே கண்டம் தாண்டும். குறைஞ்சா, மழை பொய்ச்ச வருஷம் மாதிரி பொறுத்துக்க வேண்டியதுதான்.

உங்க வீட்டுப் பரணிலும் ஒரு பழைய ரேடியோ கிடக்கும். பொழுது சாயற நேரத்தில் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் சிற்றலையில் மெதுவாத் திருகிப் பாருங்க.