முற்றத்துக்குக் கிடைத்த விருதுகள்

கட்டடக்கலை உலகில் அதிகம் பேசப்படும் விருதுகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, 1979 முதல் வழங்கப்படும் பிரிட்ஸ்கர் பரிசு. மற்றையது, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வழங்கப்படும் ஆகா கான் விருது. இவற்றைப் பெற்ற தெற்காசியர்களின் வேலைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகள்தான் நினைவுக்கு வருகின்றன. அவர்களைப் புகழ்கிறோம். அதே அறிவோடு எழுந்த நமது வீடுகளையோ இடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஜெஃப்ரி பாவா (1919–2003)

சட்டம் படித்துவிட்டு, 38 வயதில் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றவர். கோட்டேயில் நீர் சூழ நிற்கும் நாடாளுமன்றமும் (1982), தம்புள்ளைக்கு அருகே பாறையோடு ஒட்டி நிற்கும் கந்தலம ஹோட்டலும் அவருடையவை. காணியில் ஏற்கெனவே இருக்கும் மரத்துக்கும் பாறைக்கும் காற்றுக்கும் இடம்விட்டுக் கட்டுவதே அவர் வழி. 2001இல் ஆகா கான் விருதின் தலைவர் சிறப்பு விருது அவருக்குக் கிடைத்தது.

1960களின் தொடக்கத்தில் கொழும்பில் எனா டி சில்வாவுக்கு அவர் கட்டிய வீட்டின் நடுவில் முற்றம்; சுற்றிவர விறாந்தை; மேலே ஓட்டுக்கூரை. பின்னாளில் அந்தக் காணி கைமாறியபோது, வீட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றி, பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் லுனுகங்க தோட்டத்தில் மீண்டும் கட்டினார்கள்.

பி. வி. டோஷி (1927–2023)

2018இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர். இந்தூரில் அவர் வடிவமைத்த ஆரண்யா குடியிருப்புக்கு 1995இல் ஆகா கான் விருது கிடைத்தது. வசதி குறைந்த குடும்பங்களுக்கு அங்கே காணித் துண்டும் அத்திவாரமும் கழிப்பறையும் கொடுக்கப்பட்டன. மிகுதியை அவரவர் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொண்டார்கள். வீடு குடும்பத்தோடு வளர வேண்டும் என்பது டோஷியின் கொள்கை.

நாற்சார் செய்யும் வேலை

நாற்சார் வீட்டில் நான்கு பக்கமும் கட்டடம், நடுவில் திறந்த முற்றம். உள்ளே எழும் வெக்கை முற்றத்தின் வழியே மேலே போய்விடும்; நிழல் விழும் விறாந்தைகள் குளிர்ச்சியாக இருக்கும். நடு அறைக்கும் பகலில் விளக்குத் தேவையில்லை. உள்நோக்கிச் சரியும் கூரை மழைநீரை முற்றத்தில் இறக்கும். சுவருக்குச் சுண்ணக்கல், கூரைக்குப் பனைமரம் என்று பொருட்களும் ஊரிலேயே கிடைத்தவை. இதைக் கட்டிய மேசன்மாரின் பெயரோ தச்சர்களின் பெயரோ எந்த விருதுப் பட்டியலிலும் இல்லை.

இன்று குடாநாட்டில் எழும் பல வீடுகள் முற்றமில்லாத சீமெந்துப் பெட்டிகள். வெளிநாட்டுக் காசில், வெளிநாட்டில் பார்த்த வடிவத்தில் எழுகின்றன. பிறகு குளிரூட்டி இல்லாமல் பகலில் இருக்க முடிவதில்லை.

வீட்டுக்கு யார் வரைவது?

பொதுக் கட்டடங்களுக்கு நாம் கலைஞர்களைத் தேடியிருக்கிறோம். 1959இல் திறக்கப்பட்ட யாழ். பொது நூலகத்தைச் சென்னையைச் சேர்ந்த எஸ். நரசிம்மன் வடிவமைத்தார். அதன் அருகே இந்திய உதவியோடு எழுந்து 2023இல் மக்களிடம் கையளிக்கப்பட்ட கலாசார மையம் மதுர பிரேமதிலகவின் வடிவமைப்பு.

வீடுகளின் கதை வேறு. போருக்குப் பிந்திய இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கிடைத்தது; பெரும்பாலான குடும்பங்கள் தாமே நின்று கட்டின. அதன் பிறகு, வடக்கு கிழக்கில் 65,000 இரும்பு வீடுகளைப் பொருத்தும் யோசனையை அரசாங்கம் கொண்டுவந்தது. வெக்கை, செலவு, நீட்டிக் கட்ட முடியாமை ஆகியவற்றைக் காட்டி எழுந்த எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. அன்று மக்கள் கேட்டவையும் பாவாவும் டோஷியும் கேட்டவையும் ஒரே கேள்விகள்தான்: இந்த வெயிலுக்கு இது சரிவருமா? நாளைக்கு ஓர் அறை கூட்டலாமா?

மிஞ்சியிருக்கும் நாற்சார் வீடுகள் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. பல வளவுகள் பங்கு பிரிந்துவிட்டன. உரித்தாளர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஆனால் இடிப்பதற்கு முன் அளந்து, வரைந்து, படமெடுத்து வைக்கலாம். புதிதாகக் கட்டுபவர்கள் வரைபடத்தில் கையெழுத்திடும் முன் முற்றம் எங்கே என்று ஒருமுறை கேட்கலாம். அதற்குக் காணி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. எனா டி சில்வாவின் வீடும் நகரத்துச் சிறிய காணியில்தான் எழுந்தது.