மாட்டுமணி அடித்த வாத்தியார்



உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். "சார், விளையாட்டு வாத்தியாரை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்?" என்று சலித்துக்கொண்டான். அவனுக்குச் சொன்ன வரலாற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்கக் கால்பந்து நம் ஊர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி மோதி ஓடும் ஆட்டம். அதில் கல்லூரி அணிப் பயிற்சியாளராகப் புகழ்பெற்றவர் எட்டி ராபின்சன். 1919இல் லூசியானா மாநிலத்தில் பிறந்த கருப்பினத்தவர். அப்பா பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுதவர். அம்மா வீட்டு வேலை செய்தவர். பட்டம் வாங்கிய பிறகும் ஒரு தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு உழைத்தார்.

1941இல், 22 வயதில், கருப்பின மாணவர்களுக்கான ஒரு சிறு கல்லூரியில் வேலை கிடைத்தது. அதுதான் இன்றைய கிராம்ப்லிங் மாநிலப் பல்கலைக்கழகம். மாதச் சம்பளம் 63.75 டாலர். புல் வெட்டுவது, மைதானத்தில் கோடு போடுவது, பிள்ளைகளின் கணுக்காலுக்குக் கட்டுப் போடுவது, ஆட்டச் செய்தியைப் பத்திரிகைக்கு எழுதுவது எல்லாம் அவரே.

முதல் ஆண்டு 3 வெற்றி, 5 தோல்வி. மறு ஆண்டு ஆடிய 9 ஆட்டத்திலும் வெற்றி. எதிரணிகள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

அது நிறவெறிச் சட்டங்கள் நடந்த காலம். வெளியூர் போனால் வழியில் உள்ள உணவகங்களில் இவர்களுக்கு இடமில்லை. ரொட்டியும் பதார்த்தமும் கட்டிக்கொண்டு பேருந்திலேயே சாப்பிட்டுப் போனார்கள். அப்படியிருந்தும் பிள்ளைகள் மனதில் கசப்பை வளர்க்க அவர் விடவில்லை. காலையில் விடுதித் தாழ்வாரத்தில் மாட்டுமணியை ஆட்டிக்கொண்டே போய், அவர்களை எழுப்பி வகுப்புக்கு அனுப்புவார். ஆட்டம் முடிந்த பிறகும் வாழ்க்கை இருக்கிறதல்லவா!

அவரிடம் பயின்ற 200க்கும் மேற்பட்டோர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள். அவர்களில் டக் வில்லியம்ஸ், 1988 சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் வாஷிங்டன் அணியை நடத்தி வென்றார். அணியை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்துக்குக் கருப்பினத்தவர் லாயக்கில்லை என்ற பேச்சுக்கு அது பதிலாக அமைந்தது.

1985இல் ராபின்சன் 324ஆவது வெற்றி பெற்று, அலபாமாவின் புகழ்பெற்ற பயிற்சியாளர் பால் பிரையன்ட்டின் சாதனையைத் தாண்டினார். பிரையன்ட்டுக்கு இருந்த பணமோ வசதியோ இவருக்கு இருந்ததில்லை.

கடைசி மூன்று ஆண்டுகளில் தோல்விகளே அதிகம். 1996இல் அவரை விலக்கிவிடவும் பார்த்தார்கள். மக்கள் எதிர்ப்புக் கிளம்பியதால் இன்னும் ஓராண்டு கிடைத்தது. சேர்ந்த அதே இடத்திலிருந்து 1997இல் ஓய்வு பெற்றபோது கணக்கில் 408 வெற்றிகள். அவற்றுக்குப் பக்கத்தில் 165 தோல்விகளும் 15 சமன்களும் இருப்பதை அந்த மாணவனுக்கு அழுத்திச் சொன்னேன்.

முதுமையில் அல்சைமர் நோய் அவர் நினைவைக் கொண்டுபோனது. 2007இல் காலமானார். அவர் மறந்தாலும், அவர் மணியோசையில் விழித்த பிள்ளைகள் அவரை மறக்கவில்லை.

"யார் நினைப்பார்கள் என்று பார்க்காதே தம்பி, நாளைக் காலை மைதானத்துக்குப் போ" என்று சொல்லி அனுப்பினேன். நேற்று அவனிடமிருந்து ஒரு படம் வந்தது: சுண்ணாம்புக் கோடு போட்ட மைதானம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.